பதினோராயிரத்து ஐந்நூற்று இருபது

சுவாமிதாஸ் அண்ணன் பழைய கம்ப்யூட்டர்களை எடைக்கு வாங்குவார். ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மொத்தக் கடைகளுக்கு நடுவே அவருடைய சரக்குக் கிட்டங்கி. முன்பு அதுவும் வற்றல் கிட்டங்கிதான். கைமாறி இத்தனை வருடம் ஆகியும் சுவரிலிருந்து காரம் போகவில்லை. புதிதாக வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் பேசுவார்கள்.

நான் அங்கே பகலில் இருப்பேன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட பிறகு எனக்குக் கிடைத்தது ராத்திரி வேலை. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததை டெலிபோன் வழியாக இறக்கி, தட்டச்சு செய்யும் பெண்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். விடிந்து அறைக்குப் போனால் தூக்கம் வராது. அதனால் கிட்டங்கிக்கு வந்து திருப்புளியைக் கையில் எடுப்பேன். எந்த மெஷினிலிருந்து எதைக் கழற்றி விற்கலாம் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மீதி, இரும்புக்காரனுக்கு.

அந்த ராத்திரி வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வேகத்தைப் பார்த்தே உள்ளே என்ன வருகிறது என்று சொல்லிவிடலாம். மோடம் அனுப்புவதற்கு முன்னால் சுருக்கும். பேச்சை அதிகம் சுருக்க முடியாது. மௌனத்தைச் சுருக்கலாம். ஒரே எண் ஆயிரம் தடவை வந்தால், 'இதே எண், ஆயிரம் தடவை' என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடும். லைன் தாங்குகிற வேகத்தைவிட மூன்று மடங்கு திரையில் ஏறினால், அந்த டாக்டர் ரிக்கார்டரை அணைக்காமல் எழுந்து போய்விட்டார் என்று அர்த்தம். ஒருமுறைகூட இது பொய்த்ததில்லை.

மற்றவர்களுக்கு இந்தக் கணக்கு எப்போதும் ஒரே இடத்தில்தான் தப்பும். "ஐம்பத்தாறு கே மோடம் என்று விற்றாய், ஐந்துதான் வருகிறது" என்று சண்டைக்கு வருவார்கள். விற்பது பிட் கணக்கில், திரை காட்டுவது பைட் கணக்கில். கொஞ்சம் படித்தவர்கள் எட்டால் வகுப்பார்கள். மோடத்தையும் மெஷினையும் இணைக்கிற சீரியல் கம்பியில் அதுவும் தப்பு. ஒவ்வொரு எட்டு பிட்டுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு காவல் பிட்டுகள் போகும். பத்தால் வகுக்க வேண்டும். சுவாமிதாஸ் அண்ணனுக்குப் புரியும்படி நான் சொன்னது இது: சாக்கின் எடையையும் சேர்த்துத்தான் லாரி சுமக்கிறது, சரக்கை மட்டும் அல்ல.

2002-இல் ஒரு நாள் லிங்கம் அண்ணாச்சி வந்து வாசலில் நின்று தும்மினார். தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டர். சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். ஐம்பது வயதிருக்கும். வலது முன்கையில் மயிரே இல்லை, எல்லாம் ஆவியில் போயிருந்தது.

"தம்பி, இங்க பேசுத மெஷின் ஏதும் வந்துச்சா?"

"பேசுற மெஷினா?"

"ஆளுக பேச்சைப் பிடிச்சு வைக்குத மெஷின். அந்த ஆபீஸ் வாட்ச்மேன் சொன்னான், எல்லாத்தையும் ஏலம் விட்டாச்சு, ஆரியசாலைக்குப் போயிட்டுன்னு."

சுவாமிதாஸ் அண்ணன் உள்ளேயிருந்து, "அண்ணாச்சி, இங்க வாறது எல்லாம் வாயடைச்சதுதான். பேசுச்சுன்னா நான் எதுக்கு எடைக்கு வாங்குதேன்?" என்றார்.

லிங்கம் சிரிக்கவில்லை. உட்காராமலே சொன்னார். அவருடைய மனைவி செண்பகவல்லி, நகரத்தில் ஓர் ஆராய்ச்சி ஆபீசில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தாள். 93-இல் கம்ப்யூட்டருக்குத் தமிழ் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று அங்கே ஒரு வேலை நடந்தது. அதற்குத் தமிழ்க் குரல்கள் வேண்டும் என்று டிரைவர், கேண்டீன்காரர், பெருக்குகிறவள் என்று கையில் அகப்பட்டவர்களை எல்லாம் ஒரு அறையில் மைக் முன்னால் உட்காரவைத்தார்கள். இவளும் போய் உட்கார்ந்துவிட்டு, அதற்குக் கொடுத்த ஒரு எவர்சில்வர் டம்ளரோடு வீட்டுக்கு வந்தாள். மூன்று வருடம் கழித்து எலிக்காய்ச்சலில் போய்விட்டாள். படுத்த வாரமே முடிந்துவிட்டது.

"மூஞ்சி ஞாபகம் இருக்கு தம்பி. கல்யாண போட்டோவும் இருக்கு. குரல்தான் போயிட்டு. எம்புட்டு யோசிச்சாலும் வரமாட்டேங்கு. கனவுல வாறா. வந்து பக்கத்துல நிக்கா. வாயைத் தொறக்கா. சத்தமே இல்ல. டிவில சவுண்டைக் குறைச்சு வச்சாப்ல."

"எத்தனை நாளா?"

"அவ போனதுல இருந்து. ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்டுட்டேன்னா கனவுலயும் பேசிருவா. அதுக்குத்தான் கேக்கேன்."

நான் இந்த மாதிரிப் பேச்சுக்கு இளகுகிற ஆள் இல்லை. ஆனால் பகலில் தூங்காதவனுக்கு வேறு வேலையும் இல்லை. "எடேய் பிரவின், அந்த ஆபீஸ் லாட்டுல ஒண்ணு பாக்கி கிடக்கு, நோக்கு. பாவம், கேட்டியா?" என்று அண்ணனும் சொல்லிவிட்டார்.

மூலையில் ஒரு பழைய 386 கம்ப்யூட்டர் கிடந்தது. சவுண்ட் கார்டை யாரோ முன்பே பிடுங்கியிருந்தார்கள். மின்சாரம் கொடுத்ததும் டிஸ்க் மெதுவாகச் சுழல ஆரம்பித்து, ஏறி, ஒரு ஊளையில் போய் நின்றது. பெரும்பாலானவை அழிக்கப்பட்டிருந்தன. இரண்டு குரல் கோப்புகள் மட்டும் மிச்சம். ஒன்றின் பெயர் 07, மற்றது 08. இரண்டும் ஒரே அளவு, இருபது நிமிடப் பதிவு. எந்த எண் யாருடையது என்று சொல்ல ஒன்றும் இல்லை. நான் துழாவிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் 'டொக், டொக்' என்று தட்ட ஆரம்பித்தது. பிறகு செத்தது. தொட்டால் கை சுட்டது.

ஆறவிட்டு மறுநாள் போட்டேன். மறுபடி சுழன்றது. முதல் நாள் நாற்பது நிமிடம் தாங்கியது, இந்தத் தடவை முப்பதுதான் தாங்கியது. சூடேறினால் நின்றுவிடும் டிஸ்க்குகள் இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் ஆயுள் குறையும், ஒருநாள் எழுந்திருக்காது.

அதற்குள் வெளியே எடுக்க வேண்டும். வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டிஸ்க்கைக் கழற்றிப் புது மெஷினில் மாட்ட முடியாது. அது பழைய வகை, அகலமாக ஒரு பட்டை, ஒடுக்கமாக ஒரு பட்டை என்று இரண்டு பட்டைகளில் வேலை செய்வது. புது மெஷினில் அதற்கு இடமே இல்லை. அதன் கார்டோடு சேர்த்துச் செருகிப் பார்த்தேன், ஏற்கவில்லை. ஃப்ளாப்பி டிரைவ் துருப்பிடித்திருந்தது. நன்றாக இருந்தாலும் ஒரு கோப்புக்குப் பத்து ஃப்ளாப்பி வேண்டும். பிரிண்டர் சொருகும் போர்ட்டில் கம்பி போட்டால் நாலைந்து மடங்கு வேகம் கிடைக்கும். அது கருகிக் கிடந்தது. மிஞ்சியது சீரியல் போர்ட். டிஸ்க் நொடிக்கு ஆறு லட்சம் பைட் கொடுக்கக் கூடியது. அந்தக் கம்பி வாங்கிக்கொள்ளக் கூடியது நொடிக்கு ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து இருநூறு பிட். பத்தால் வகுத்தால் பதினோராயிரத்து ஐந்நூற்று இருபது பைட். குளத்தின் தண்ணீரை ஊசித் துளை வழியாக விடுவதுபோல.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். அந்தக் குரல்களைப் பதிவு செய்தது நொடிக்குப் பதினோராயிரத்து இருபத்தைந்து பைட் கணக்கில். கம்பியின் வேகமும் பேச்சின் வேகமும் ஏறக்குறைய ஒன்று. இருபது நிமிடம் பேசியதை எடுக்கப் பத்தொன்பது நிமிடம் ஆகும். அவள் அன்றைக்கு எவ்வளவு நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளோ அவ்வளவு நேரம் இந்தக் கம்பி வழியாக வந்துகொண்டிருப்பாள். எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னொரு தடவை வகுத்துப் பார்த்தேன். அதேதான் வந்தது.

அடுத்த ஹர்த்தால் அன்றைக்கு வரச் சொன்னேன். கடைகள் அடைத்திருக்கும், வெல்டிங் பட்டறைகள் ஓடாது, மின்சாரம் ஏறி இறங்காது. லிங்கம் தம்பானூரிலிருந்து நடந்தே வந்தார். கையில் ஒரு தூக்குவாளி, நிறைய ஐஸ்கட்டி.

"சூடாகுதுன்னு சொன்னியேன்னு ஹோட்டல் ஃப்ரீசரைக் காலி பண்ணிட்டு வந்தேன். முதலாளி நாளைக்கு என்னைத் தொங்கவிடுவாரு."

ஷட்டரைப் பாதி இறக்கினோம். தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. ஆரியசாலை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மூட்டை இறக்குகிற சத்தம் இல்லாமல், எலிகள் தட்டோடுகளின் மேல் ஓடுவது கேட்டது. ஐஸை இரண்டு பிளாஸ்டிக் உறையில் கட்டி டிஸ்க்கின் மேல் வைத்தேன்.

"அண்ணாச்சி, கேட்டுக்கோங்க. ஐஸ் வச்சாலும் இருபத்தஞ்சு நிமிசம் ஓடினாப் பெரிசு. ஒரு கோப்புக்குப் பத்தொன்பது. அதனால ஒண்ணுதான் நிச்சயம். பாதியில நின்னா இந்த புரோகிராம் வந்த வரைக்கும் உள்ளதையும் அழிச்சிரும். முழுசா வந்தாத்தான் கேக்கலாம்."

"எது அவளோடது?"

"தெரியாது. ஏழா, எட்டா, நீங்க சொல்லுங்க."

"ஏழெட்டுப் பேரு போனாங்கன்னு சொன்னா. இவ முன்னால போய் நிக்கமாட்டா. ஆனா கேண்டீன் கோபாலனுக்கு முன்னாடியா பின்னாடியா, அது தெரியலையே."

ஏழில் ஆரம்பித்தேன். டிஸ்க் ஊளையிட்டு ஏறியது. திரையில் எண் நின்றது: பதினோராயிரத்து ஐந்நூறுக்குப் பக்கத்தில். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கம்பி முழுக்க நிறைந்து போய்க்கொண்டிருந்தது. எனக்குத் திருப்தி.

"பேச்சுதான். இதுல ஆள் இருக்கு" என்றேன்.

"எப்படிச் சொல்லுத?"

டாக்டர்களின் கதையைச் சொன்னேன். மோடம்போல இந்தப் புரோகிராமும் சுருக்கித்தான் அனுப்பும். பேச்சைச் சுருக்க முடியாது, மௌனம் என்றால் எண் மூன்று மடங்கு ஏறும், இது ஏறவே இல்லை, அதனால் யாரோ இடைவெளி விடாமல் பேசுகிறார்கள் என்றேன்.

"இடைவெளி விடாமலா?"

"ஆமா. மூச்சு விடக்கூட நேரம் இல்லாம."

லிங்கம் எழுந்து நின்றார். "அப்ப அது செம்பகம் இல்ல."

"என் வீட்டுக்காரியா இருக்கும்" என்றார் சுவாமிதாஸ் அண்ணன்.

"தம்பி, நிறுத்து. என்கிட்டயே அவ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் பேசுவா. தெரியாத ஆபீசருக்கு முன்னால, ஒரு குழாயைப் பாத்து இருவது நிமிசம் பேசுனாளா? அது வேற ஆளு. நிறுத்து."

"அண்ணாச்சி, நிறுத்தினா நாலு நிமிசம் போச்சு. திரும்பக் கிடைக்காது. அடுத்ததுல ஒண்ணுமே இல்லன்னா?"

"ஒண்ணுமே இல்லன்னா அதுதான் அவ."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கினார். "ஆளு யாருடைய ஆளு? அவருடைய ஆளு. அவரு சொல்லுத மாதிரி செய்."

நிறுத்தினேன். வந்தது அழிந்தது. எட்டைத் தொடங்கினேன்.

முதல் சில நொடிகள் பதினோராயிரம். பிறகு எண் எகிறியது. இருபதாயிரம், முப்பதாயிரம், முப்பத்தைந்தாயிரம். அந்தக் கம்பியில் போகவே முடியாத எண்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். ராத்திரி வேலையில் அந்த எண்ணைப் பார்க்கும்போது, கடல் தாண்டி எங்கோ ஒரு காலி நாற்காலி என்று நினைத்துக்கொள்வேன். இங்கே நாற்காலி காலி இல்லை. அதில் ஒருத்தி உட்கார்ந்து, பேசாமல் இருந்திருக்கிறாள். இப்போது, உட்கார்ந்திருந்ததைவிட மூன்று மடங்கு வேகமாக வருகிறாள்.

"வெறும் மௌனம் அண்ணாச்சி."

"வரட்டும்."

"ஆள் எழுந்து போயிருந்தாலும் இப்படித்தான் வரும்."

"அவ எந்திரிச்சுப் போகமாட்டா. உக்காருன்னு சொன்னா, போன்னு சொல்லுத வரைக்கும் உக்காந்திருப்பா."

திரையில் சதவீதம் ஓடியது. நாற்பது, ஐம்பது, அறுபது. அறுபத்தைந்தில் எண் திடீரென்று விழுந்தது. முப்பத்தைந்தாயிரத்திலிருந்து நேராகப் பதினோராயிரத்து ஐந்நூற்று இருபதுக்கு. டிஸ்க் சாகிறது என்று நினைத்து அதன் மேல் கையை வைத்தேன். ஊளை சீராகத்தான் இருந்தது. பத்து நொடி இருக்கும், கம்பி நிறைய ஏதோ வந்தது. பிறகு எண் மறுபடி ஏறிவிட்டது. கடைசியில் ஒருமுறை கொஞ்சம் விழுந்தது. முடிந்தது.

ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. மிச்ச நேரத்தை வீணாக்காமல் ஏழாம் கோப்பை மறுபடி போட்டேன். எண் பதினோராயிரத்து ஐந்நூறில் நின்றது. ஐஸ் உருகிப் பிளாஸ்டிக்கில் தண்ணீராகக் கிடந்தது. பாதிக்குக் கொஞ்சம் மேல் போனபோது 'டொக்' என்றது. இன்னொரு 'டொக்'. பிறகு அது தட்டிக்கொண்டே இருந்தது, கதவைத் திறக்கச் சொல்கிறவர்களைப்போல. அண்ணன்தான் போய் ஸ்விட்சை அணைத்தார். அந்த டிஸ்க் அதன் பிறகு சுழலவே இல்லை.

ஏழு யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேண்டீன் கோபாலனாக இருக்கலாம். அவன் பேசாமல், ஜன்னலுக்கு வெளியே மழை பெய்திருக்கவும் கூடும். மழையையும் சுருக்க முடியாது. அன்றைக்கு நாலாம் நிமிடத்தில் நிறுத்தாமல் இருந்திருந்தால் இரண்டும் வந்திருக்குமோ என்னவோ. அந்த ஏழாம் ஆளைத் தேடி யாரும் வரவில்லை.

புது மெஷினில் ஸ்பீக்கரை மாட்டி எட்டாம் கோப்பைப் போட்டேன். லிங்கம் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்தார். காதை அதன் மேலேயே வைத்துவிட்டார்.

ஒரு நாற்காலி இழுபட்டது. ஒரு ஆண் குரல், மலையாளம் ஏறிய தமிழில்: "ம், பேசிக்கோளூ. என்ன வேணும்னாலும் பேசலாம். வீட்டைப் பத்திப் பேசு."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு பெண் குரல், மைக்கிலிருந்து தள்ளி:

"என்ன பேச சார்?"

சுவாமிதாஸ் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். நான் லிங்கத்தைப் பார்த்தேன். அவர் அழவில்லை.

"மூக்கடைச்சிருக்கு" என்றார். "அன்னைக்குச் சளி பிடிச்சிருந்துச்சு. நானும் மறந்துட்டேன் பாரேன்."

அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. நான் நகர்த்திக் கடைசிக்குப் போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். இருபது நிமிடமும் அப்படியே உட்கார்ந்திருந்தார். தெருவிலும் சத்தமில்லை, உள்ளேயும் சத்தமில்லை. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அறுபத்தைந்து சதவீதம் வருகிற இடத்தில் நான் மட்டும் நிமிர்ந்தேன். ஒலியை முழுக்க ஏற்றினேன். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அந்தக் குரல் மறுபடி வந்தது, இந்தத் தடவை கிட்டத்தில்:

"போதுமா சார்?"

அவ்வளவுதான்.

ஒரு காசெட்டில் பதிந்து கொடுத்தேன். அவரிடம் இருந்தது டேப் ரிக்கார்டர்தான். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாளியில் மிஞ்சிய ஐஸ் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு நடந்து போனார்.

அவர் போன பிறகு அந்த இடத்தை எண்களாகத் திறந்து பார்த்தேன். ஒலி என்பது உள்ளே வரிசையாக எண்கள்தான். மௌனம் என்றால் நூற்றிருபத்தெட்டு, நூற்றிருபத்தெட்டு என்று பக்கம் பக்கமாக ஓடும். அந்தப் பத்து நொடி மட்டும் அப்படி இல்லை. நூற்றிருபத்தேழு, நூற்றிருபத்தொன்பது, நூற்றிருபத்தாறு. ஒன்று கூடுகிறது, இரண்டு குறைகிறது. ஸ்பீக்கரில் கேட்கிற அளவு அல்ல. காசெட் நாடாவின் சொந்த இரைச்சலே இதைவிடப் பலமடங்கு பெரிது, அதில் இது இருப்பதற்கே வழியில்லை. மைக்கின் கம்பி அசைந்திருக்கலாம். விசிறி திரும்பியிருக்கலாம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம்கூட இல்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து லிங்கம் வந்தார். இந்தத் தடவை தும்மவில்லை. சட்டைப்பையிலிருந்து காசெட்டை, ஏதோ சிந்திவிடும் என்பதுபோல நிமிர்த்திப் பிடித்து எடுத்தார்.

"தம்பி, இதுல ஒரு இடம் இருக்கு."

"என்ன இடம்?"

"அசைக்காத. அந்த இடத்துலதான் நிறுத்திக் கொண்டு வந்திருக்கேன். இங்க அவ பேச வாறா. குனிஞ்சு மைக்குக்குக் கிட்ட வந்து வாயைத் தொறக்கா. பொறவு மூடிட்டா."

"கேக்குதா உங்களுக்கு?"

"கேக்கல. கேட்டா உன்கிட்ட எதுக்கு வாரேன்? பக்கத்து ரூம்காரன் வெறும் கேசட்டைப் போட்டுட்டு உக்காந்திருக்காருன்னு என்னைப் பாத்துச் சிரிக்கான். ஆனா இந்த இடந்தான். கனவுல வாயைத் தொறக்காள்ல, அது இந்த இடம். அன்னைக்குச் சொல்ல வந்ததைத்தான் இம்புட்டு நாளும் வந்து சொல்லிட்டு இருந்திருக்கா. என்ன சொல்ல வந்தான்னு உன் மெஷின்ல பாக்க முடியுமா?"

நான் காசெட்டை டெக்கில் போட்டு, அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாடாவின் இரைச்சல். வெளியே தலைச்சுமைக்காரர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். வேறொன்றும் இல்லை. ஏழு நிமிடம் ஆனபோது, "போதுமா சார்?"

மொத்தம் இருபது நிமிடம். கடைசியில் ஏழு. இருபதில் ஏழு என்றால் முப்பத்தைந்து சதவீதம். நூறிலிருந்து கழித்தால் அறுபத்தைந்து.

ஒரு அட்டையில் எழுதிப் போட்டேன். நிமிடத்தை நொடியாக்கி, நொடியைப் பைட்டாக்கி, பைட்டைச் சதவீதமாக்கி மறுபடி பார்த்தேன். ஹர்த்தால் அன்றைக்கு அவர் திரையைப் பார்த்தாரா என்று யோசித்தேன். பார்த்திருந்தாலும் எண் விழுந்தது தெரிந்திருக்கும், அந்த இடம் நாடாவில் எங்கே வரும் என்று தெரிந்திருக்காது. அவர் அப்போது டிஸ்க் மேல் இருந்த என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கணக்கு போடுத?"

"ஒண்ணுமில்ல."

"இருக்கா இல்லையா, சொல்லு."

எனக்குப் பொய் சொல்ல வரும். ராத்திரி மேனேஜரிடம் தினமும் சொல்கிறேன். அன்றைக்கு வரவில்லை.

"அந்த இடத்துல கம்பி மெதுவாச்சு அண்ணாச்சி. அப்படின்னா அங்க ஏதோ இருந்துச்சு. காலியா இல்ல. ஆனா என்னன்னு எடுக்க முடியாது. பெருசாக்கினா வெறும் இரைச்சல்தான் வரும். அது அவங்களா இருக்காது, மெஷினாத்தான் இருக்கும்."

லிங்கம் அந்த அட்டையைப் பார்த்தார்.

"அப்ப பெருசாக்காண்டாம்" என்றார். "இருக்குல்லா? போதும். இப்ப கனவுல வாறதும் நின்னு போச்சு. இங்க வந்து உக்காந்துகிட்டா போல. திரும்ப அந்த இடத்துலயே வச்சுக் குடு. நான் போட்ட உடனே அங்க இருந்து ஓடணும்."

என் டெக்கில் பின்னால் சுற்றுகிற பெல்ட் அறுந்திருந்தது. பேனாவைப் பல்சக்கரத்தில் செருகிக் கையால் சுற்றினேன். எத்தனை சுற்று என்று எனக்குக் கணக்கு இல்லை. சுருள் தடிக்கத் தடிக்க ஒரு சுற்றுக்குப் போகிற நாடாவின் நீளம் மாறும், அதை மனதில் போட முடியாது. குத்துமதிப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். லிங்கம் என் எதிரே தகர டப்பாவில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். காசெட் எந்த மெஷினிலும் இல்லை. என் கையில் இருந்தது. பிளாஸ்டிக் உரசுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

"மெதுவா" என்றார்.

மெதுவாகச் சுற்றினேன்.

"இன்னும் கொஞ்சம். ம். நிறுத்து."

நிறுத்தினேன். கண்ணைத் திறந்து கையை நீட்டினார். சரிதானா என்று டெக்கில் போட்டுப் பார்க்க ஏழு நிமிடம் போதும். கைக்கடிகாரம் மேஜைமேல்தான் கிடந்தது. நான் பார்க்கவில்லை. அப்படியே கொடுத்துவிட்டேன்.